கடல் விளிம்பில் மினுங்கியது

ரொக்கெட்டில் ஏவி வானத்தில் ஓடவிட்ட செய்மதிகளைப் பார்ப்பதுதான் என் பைத்தியம். பகலில் எங்கள் ஊரான வங்காலையில் படகு எஞ்சின் திருத்துவேன். பொழுதுபட்டால் பைனாகுலரோடு கடற்கரைக்குப் போய்விடுவேன். சில செய்மதிகள் ஒரே சீராக எரியும். செத்துப்போன ரொக்கெட் துண்டுகள் அப்படியில்லை. உருண்டுகொண்டே போவதால் மினுங்கும், மங்கும், மறுபடி மினுங்கும். "கண்டறியாத வேலை, கஞ்சிக்கு உதவுமோ?" என்பாள் என் மனைவி மதலேனா. உதவாதுதான். அதற்கென்ன இப்போது?

அந்தக் கிழமை அவளும் என்னைச் சீண்டவில்லை. பக்கத்து வீட்டு யோசேப்பின் படகு காற்றில் அகப்பட்டுத் திரும்பவில்லை. தேடப் போனவர்களுக்கு ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் படகுகள் இருட்டுகிற நேரம் கரைக்கு வந்தால், டோர்ச்சை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து காட்டுவார்கள். கரையில் நிற்கும் பெண்சாதி அதேபோலத் திருப்பிக் காட்டுவாள். வந்துவிட்டேன், கண்டுவிட்டேன் என்று அர்த்தம்.

ஒருநாள் கோயிலில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்து முடிந்தபோது, கரையில் நின்ற யோசேப்பின் மனைவி செலீனா கத்தினாள்.

"மாதாவே! அங்க பாருங்கோ! அவர்தான், டோர்ச் அடிக்கிறார்!"

மேற்கே, கடலும் வானமும் பிரிந்து தெரியாத இடத்தில், ஒரு வெளிச்சம் மினுங்கி மங்கியது. ஆட்கள் ஓடிப்போய்ப் படகைத் தள்ளினார்கள். கடலோ பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். முந்தின நாளும் அதே பக்கம் இறங்கியதைப் பார்த்தவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் நாலு பெண்கள் தாலியறுக்க வேண்டிவரும்.

"விசரன்களே, நில்லுங்கோடா! அது படகில்லை, ரொக்கெட் துண்டு!"

தள்ளியவர்கள் நின்றார்கள். செலீனா என்னைப் பார்த்த பார்வையில், பாழாய்ப்போன பைனாகுலரைக் கடலில் எறிந்துவிடலாம் போலிருந்தது. அவள் அழவில்லை.

"அண்ணை, அது நாளைக்கும் வருமோ?"

"வரும் பிள்ளை. கொஞ்சம் பிந்தி வரும்."

மறுநாள் வந்தாள். தலை வாரி, யோசேப்புக்குப் பிடித்த நீலச் சேலை உடுத்தி, கையில் டோர்ச்சோடு வந்தாள். அந்த வெளிச்சம் மினுங்கியபோது இவளும் உள்ளங்கையால் மூடி மூடித் திறந்து காட்டினாள். அது கடலுக்குள் இறங்கும்வரை அவள் கை ஓயவில்லை.

"கண்டிருப்பாரோ, அண்ணை?"

வானத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் பொய் சொன்னதில்லை.

"ஓம் பிள்ளை, கண்டிட்டார்" என்றேன்.