எண்ணிக்கு ஆளைத் தெரியாது

ஒன்றுமே செய்யாத செய்நிரல் ஒன்று மாடாய் உழைப்பதாகக் கணினித் திரை சொன்னது. அஞ்சலினா நம்பாமல் மீண்டும் ஓட்டிப் பார்த்தாள். அன்று காலை அவளே எழுதிய செய்நிரல் அது. விழிப்பதும் மறுகணமே உறங்குவதுமன்றி அதற்கு வேறு வேலை கிடையாது. மீன்பிடிப் படகுகளுக்கான கருவியில், முன்பு உடன் வேலைசெய்த நிப்றாஸ் எழுதிய ஆழங்கணிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, சோதனைக்காக அவ்விடத்தில் இந்த வெற்றுச் செய்நிரலை வைத்திருந்தாள். அப்படியிருந்தும், புரொசசரின் நேரத்தில் முக்காற்பங்கை அதுவே விழுங்குவதாக எண்ணிகள் காட்டின. சித்திரை மாதத்தில் நிப்றாஸைப் பற்றியும் அவை இதையேதான் காட்டியிருந்தன. உட்துறைமுக வீதியின் அந்த மாடியறையில் மின்விசிறி வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

புரொசசருக்குள்ளேயே எண்ணிகள் உண்டு. எத்தனை கட்டளைகள் நிறைவேறின, எத்தனை துடிப்புகள் செலவாயின என்று அவை ஓயாமல் எண்ணும். யாருக்காக எண்ணுகிறோம் என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. ஒரே புரொசசர் பல செய்நிரல்களுக்கு முறைவைத்து உழைக்கிறது. முறை மாறும் ஒவ்வொரு தடவையும், அதுவரை எண்ணியதை வெளியேறுகிறவரின் பெயரில் சேர்த்துவிட்டு, உள்ளே வருகிறவருக்குப் புதிதாகத் தொடங்கிவைப்பது பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்னலின் கடமை. கருவியிலிருந்த மலிவான புரொசசருக்கு அந்த வசதியைக் கேர்னலில் எழுதிச் சேர்த்தவள் அஞ்சலினா. ஓரிடத்தில் மட்டும் தவறிவிட்டாள். ஆழங்கணிப்பு முடிந்தவுடன், திரையில் படம் வரையும் செய்நிரலைக் கேர்னல் ஒரு குறுக்குவழியால் எழுப்பும்; அந்தக் குறுக்குவழியில் பெயரை மாற்ற அவள் மறந்திருந்தாள். ஆகவே படம் வரைந்த உழைப்பெல்லாம் நிப்றாஸின் தலையில் ஏறியது. படம் வரையும் செய்நிரலை எழுதியவளும் அவளே.

சாம்பல்தீவுக் கடலில் நடந்த வெள்ளோட்டம் அவளுடைய நினைவுக்கு வந்தது. அடியில் பாறை இருப்பதைக் கருவி முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது சொன்னது, ஆனால் எஞ்சினின் விசிறி பாறையில் உரசிய பிறகே சொன்னது. படகிலிருந்த மீனவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். படகு எஞ்சின் விற்கும் தொழிலை விட்டுவிட்டு இந்தக் கருவியையே நம்பியிருந்த, எல்லாரும் 'நானா' என்று அண்ணன்முறை சொல்லி அழைக்கும் முதலாளி ஜவாஹிருக்கு அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. மறுவாரமே, எந்தச் செய்நிரல் எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று காட்டும் அஞ்சலினாவின் வரைபடம் மேசையில் விரிந்தது. நிப்றாஸ் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அக்கா, உங்கட கவுண்டர் சரியா எண்ணுதா எண்டு எப்பிடிப் பாத்தீங்க?"

"ஒவ்வொண்டாத் தனிய ஓட்டிப் பாத்தனான். எல்லாம் சரியா வந்தது."

"ரெண்டும் மாறி மாறி ஓடக்குள்ள?"

"நிப்றாஸ், அது சிலிக்கன். அதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது அவளைக் குத்திக் கிழித்தது அந்தச் சிரிப்பேயாகும். மறதி யாருக்கும் வரக்கூடியது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி நேர்மையானது, சோதித்துப் பார்க்க அரைநாள் போதும், அந்த அரைநாளைக்கூட அவள் கொடுக்கவில்லை. எண்கள் பேசிவிட்டால் மனிதன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிற திமிர், படித்தவர்களுக்கு எங்கிருந்துதான் வந்து சேர்கிறதோ! அதன்பின் ஜவாஹிர் எல்லார் முன்னிலையிலும் நிப்றாஸை ஏசினார். வைகாசி பிறக்குமுன் அவன் வேலையை விட்டுப் போனான். அவனுடைய பகுதியை வெட்டிச் சுருக்கிய பின்னரும் கருவி முன்போலவே பிந்திக்கொண்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தாள். பேருந்து நிலையத்தில், நகரத்துக்குள் திரியும் மான்கள் நிழலுக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நிப்றாஸின் ஊரான கிண்ணியாவுக்குப் போகும் பேருந்தில் யன்னலோரம் இடம் கிடைத்தது. சீனன்குடாவைத் தாண்டும்வரை, என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கிப் பார்த்தாள். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று தொடங்கினால், தெரிந்துகொள்ள மறுத்தது மறைந்துவிடும். 'என் பிழை' என்று தொடங்கினால், அதற்குப்பின் சொல்வதற்கு ஒன்றுமில்லாமற் போய்விடும். பாலத்தில் பேருந்து ஏறியபோது இருபுறமும் நீர் கண்ணைக் கூசச்செய்தது. அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நிப்றாஸ் தன் தமக்கையின் கணவரான பாயிஸின் டைல் கடையில் இருந்தான். சற்று மெலிந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, தூசி தட்டி ஒரு கதிரையைப் போட்டான்.

"வாங்க அக்கா. என்ன, வீடு கட்டுறீங்களா?"

உள்ளேயிருந்து பாயிஸ் எட்டிப் பார்த்தார். "ஆரு, கம்பியூட்டர் மிஸ்ஸா? இவரத் திரும்பக் கூட்டிப் போக வந்தீங்கண்டா சொல்லுங்க, ஒரு பெட்டி டைல் சும்மா தாறன்."

அவள் சிரிக்க முயன்றாள்; முடியவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். வெற்றுச் செய்நிரலைப் பற்றிச் சொன்னாள். கேட்கக் கேட்க நிப்றாஸின் கண்கள் கூர்மையாயின.

"எழுப்புற இடத்திலயா? அந்தக் குறுக்குவழியிலயா?" என்று இடைமறித்தான்.

"ஓம். அதிலதான்."

"அதான! தனிய ஓட்டினா அந்த வழிக்கே போகாதே!" ஒரு கணம் அவன் முகம் பழைய முகமாயிற்று, விடுகதை அவிழ்ந்தவனின் மகிழ்ச்சி அதில் தெரிந்தது. பிறகு அது மெல்ல அணைந்தது. "அப்ப என்ட பகுதி?"

"உங்கட பகுதியில பிழையே இல்ல, நிப்றாஸ். இழுத்தது என்ர படம்தான்."

அவன் டைல் பெட்டியொன்றின் மேல் அமர்ந்தான். கடைக்கு முன்னால் ஒரு லொறி பின்னோக்கி வந்து, அலறி, நின்றது. அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து பேசினான்.

"நான் என்ன செஞ்ச தெரியுமா அக்கா? ஊட்டுக்கு வந்து, எழுதினதெல்லாத்தையும் முதல்ல இருந்து வாசிச்ச. பிழை எங்கயெண்டு தேடின. தேடினா வராதா? நிறைய வந்திச்சி. இதெல்லாம் பிழை, இவ்வளவு காலமும் ஆக்கள ஏமாத்தித்தான் சம்பளம் எடுத்திருக்கன் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்ட. நீங்க ஒரு நாள்தான் சொன்னீங்க. நான் ஒவ்வொரு நாளும் சொன்ன."

'மன்னிச்சுக்கொள்ளுங்க' என்றது அவளுடைய குரல்தானா என்று அவளுக்கே ஐயமாயிருந்தது.

"ஜவாஹிர் நானாக்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. முதல்ல உங்களிட்டத்தான் வந்தனான்."

"ஏன்?"

அந்த ஒற்றைச் சொல்லுக்கு அவளிடம் விடை இருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொல்லத்தக்கதாய் இருக்கவில்லை.

"என்னால மன்னிக்கத்தான் ஏலும்," என்றான் நிப்றாஸ், கடுமை சிறிதுமின்றி. "அது உங்களுக்கு லேசு. அவருக்கிட்டச் சொல்றதுதான் பாரம்."

அஞ்சலினா கைத்தொலைபேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியை அழுத்தி, டைல் அடுக்கின் மேல் வைத்தாள். ஜவாஹிரிடம் முழுவதையும் சொன்னாள். அவர் கேட்டார்:

"படம் வரையிறது ஆரு எழுதின?"

"நான்தான் நானா."

"அப்ப உங்கட வேலைய அவன்ட தலையில கட்டியிருக்கீங்க."

"தெரியாமத்தான் நானா."

"தெரியாமத்தான்..." நீண்ட மூச்சொன்று கேட்டது. "நான் அந்தப் புள்ளய ஏசினது தெரிஞ்சுதானே. நாளைக்கு வரச்சொல்லுங்க. அந்தக் கதிரையில இன்னும் ஆரும் இருக்கல்ல." இணைப்பு அறுந்தது.

அவள் நிப்றாஸைப் பார்த்தாள். அவன் வாய் திறப்பதற்குள், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் கடைக்குள் நுழைந்தார்.

"தம்பி, குளியலறைக்கு. எட்டடிக்கு அஞ்சடி. சுவருக்கு வேணாம், நிலத்துக்கு மட்டும் போதும். எத்தின பெட்டி?"

மாடியறையில் மற்றவர்கள் கணினியைத் தொடுமுன் விடையை முணுமுணுத்துவிடுகிற நிப்றாஸ், உதடுகளை அசைத்தான். நிறுத்தினான். மறுபடி அசைத்தான். மேசையிலிருந்த கல்குலேட்டரை இழுத்து அழுத்தினான். வந்த விடையைக் கண்ணிமைக்காமல் பார்த்தான்.

"எட்டுக்கு அஞ்சா சொன்ன நீங்க?"

"ஓம் தம்பி. எட்டுக்கு அஞ்சு."

"டேய், குளியலறைக்கா கப்பலுக்கா கணக்குப் பாக்கிற?" என்று பாயிஸ் உள்ளேயிருந்து கத்தினார். "அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப்போறாங்க!"

வந்தவர் சிரித்தார். நிப்றாஸ் சிரிக்கவில்லை, அவள் நிற்பதையும் மறந்தவன்போல் இருந்தான். விடையை அழித்தான். வலது கையின் ஆட்காட்டி விரலை இடது கையால் பிடித்து நிலைப்படுத்திக்கொண்டு, எட்டு என்ற பொத்தானை மெதுவாக, அது உள்ளே போய்த் திரும்பி வரும்வரை அழுத்தினான்.