சரி போடாத வரி

வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேன் அக்கா. வார நாட்களில் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பாள். ஞாயிறு காலையில் தேவாலயத்தின் பின்னறையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேரை உட்காரவைத்து வேதம் படிப்பாள். கற்றுக்கொடுக்கிறாள் என்று யாராவது சொன்னால், "நானும் அவங்களோட சேர்ந்து படிக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வகுப்பில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, வேதத்தை ஓர் அதிகாரம்கூட விடாமல் வரிசையாகப் படிப்பது. பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னக் கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டவள் அவள்தான். மற்றது, சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை. யாருக்காக, எதற்காக ஜெபிக்கிறார்களோ அதை அதில் எழுதுவார்கள். கேட்டது நடந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டு, அறை அதிரக் கைதட்டுவார்கள். காணாமல் போய்த் திரும்பிய நாய்க்குட்டிக்கும் சரி விழுந்தது, கால் முறிந்த மாமாவுக்கும் விழுந்தது. நடக்காமல் போனதற்கு என்ன குறி போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை யோசிக்காமல் இருப்பதில் நல்லவர்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு.

மூன்றாவது வரியில் 'வக்கீலின் அப்பா' என்று மூன்று மாதமாக இருந்தது. வக்கீல் பதின்மூன்று வயதுப் பெண். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விழுங்கமாட்டாள் என்பதால் வந்த பட்டம். பேருந்து ஓட்டுநரான அவளுடைய அப்பா மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோனார்.

சனிக்கிழமை வக்கீலின் அம்மா போன் செய்தாள். "இனி வகுப்புக்கு வரவேமாட்டேன்னு அடம் பிடிச்சா. ஒரே ஒரு தடவை போய்ப் பாருன்னு கெஞ்சி ஒத்துக்க வச்சிருக்கேன். நாளைக்கு மனசு விட்டுப்போச்சுன்னா, அப்புறம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டா. பாத்துக்கம்மா."

ஸ்கேன் அக்கா போனை வைத்தாள். உடனே ஆலயத்துக்குப் போனாள். பலகையில் அப்பாவின் வரியைப் பார்த்துப் பிள்ளை உடைந்துவிடக் கூடாதே என்று அழிக்கப் பார்த்தாள். மூன்று மாதம் காய்ந்த மை லேசில் போகுமா? ஈரத்துணி, சோப்பு, கடைசியில் நகம் என்று தேய்த்தும் நீலம் மங்கலாகத் தங்கிவிட்டது. வகுப்பிலேயே உயரமான பையனை நினைத்து, அதன்மேல் தடித்த எழுத்தில் 'நெட்டையின் கணக்குப் பரீட்சை' என்று எழுதி மூடினாள்.

பிறகு வேதத்தைத் திறந்தாள். மறுநாள் படிக்க வேண்டிய அதிகாரத்தில், சாகக் கிடக்கும் மகளுக்காக ஒரு தகப்பன் இயேசுவின் காலில் விழுகிறான். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் உயிரோடு எழுந்து நடக்கிறாள். அடையாள நாடாவை எடுத்து ஓர் அதிகாரம் தள்ளி வைத்தாள். வக்கீலின்மேல் இருந்த இரக்கம்தான் அதற்குப் பாதிக் காரணம். மறுபாதி வெறும் பயம்.

ஞாயிறன்று வக்கீல் வந்து கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரும் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். பிஸ்கட் டப்பாவுக்கு அடித்துக்கொள்கிற கூட்டம், அன்று அதை முதலில் அவளிடம் நீட்டியது. அவள் தொடவில்லை. ஸ்கேன் அக்கா அதிகாரத்தைச் சொன்னதும் வக்கீல் பக்கத்தைப் பின்னால் திருப்பினாள்.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுக்கா."

"இன்னைக்கு இது படிக்கலாம்டா."

"பொறுக்கித் தின்னக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

விடுபட்டதை வக்கீல் மனசுக்குள்ளேயே படித்து முடித்தாள். எழுந்து பலகையருகே போய், தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நெட்டை, உன் பரீட்சைக்கு அடியில எங்க அப்பா இருக்கார்."

"நான் எழுதச் சொல்லல" என்றான் நெட்டை.

அவள் ஸ்கேன் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தது நீங்கதானே? பலகையில எழுதின அதே வாரம்."

"ஆமா."

"'உங்க அக்கா மூச்சைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க, முடிஞ்சதும் சிரிச்சாங்க, அதனால ஒண்ணும் இருக்காது'ன்னு அப்பா வந்து சொன்னார். அன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"டாக்டர்தான் சொல்லணும்டா. படம் எடுக்கிறவங்க வாயைத் திறக்கக் கூடாது."

"ஏன் சொல்லலன்னு கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்."

பத்து வருடமாக எதையும் காட்டிக்கொள்ளாமல் பழக்கிய முகம் அவளுடையது. அந்த முகத்தை இப்போதும் மாட்டிக்கொண்டிருக்கலாம். வக்கீலின் பை தோளில் ஏறியிருந்தது. கதவு நான்கு எட்டில் இருந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வாராவாரம் எங்களை ஜெபம் பண்ண வச்சீங்க. நீங்க பண்ணினீங்களா?"



"இல்ல" என்றாள் ஸ்கேன் அக்கா. "உங்ககூடக் கண்ணை மூடிக்கிட்டேன், வாயை அசைச்சேன். படத்தைப் பாத்த பிறகு எனக்குக் கேக்கவே வரல. கேட்டு நடக்கலன்னா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்து உக்கார்றதுன்னு பயம்."

"நாங்க ஒன்பது பேரும் நெஜமாக் கேட்டோம்."

"ஆமா. நான் கேக்கல."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவமானமாக இருந்தது. பெரியவர்கள் அழுதால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

வக்கீல் துணியை எடுத்தாள். புது மை ஒரே இழுப்பில் போனது. மங்கலாகத் தெரிந்த எழுத்துகளின்மேல் நீலப் பேனாவை வைத்து, ஒவ்வொன்றாகப் பொறுமையாக ஏற்றி எழுதினாள். நெட்டையின் பரீட்சையைக் கடைசி வரியில் இறக்கினாள். சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

"சரி போட வேண்டாம்" என்றாள். "அழிக்கவும் வேண்டாம்."

பை இன்னும் தோளில்தான் இருந்தது. கதவருகே இருந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

"விட்டதைப் படிங்க. நீங்கதான் படிக்கணும்."

ஸ்கேன் அக்கா படித்தாள். அந்தப் பெண் எழுந்து நடக்கிற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு நடந்துச்சு. எங்க அப்பாவுக்கு ஏன் நடக்கல?"

இந்தக் கேள்விக்கென்று ஸ்கேன் அக்கா மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தாள். மூன்றும் போதகரிடம் கேட்டு எழுதிவைத்தவை, தாள் வேதத்துக்குள்ளேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியலடா."

 வக்கீல் பையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"மேல படிங்க" என்றாள்.