நார்பர்ட்டுக்கு மட்டும் வந்த அனுமதி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி உருகுவதும் மறுபடி உறைவதுமாக இருந்த மார்ச் மாதத்தில், நார்பர்ட் வோபாட் தபால்பெட்டி வரை போய் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நடை பழக்குவதற்காக ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக் கதவு வரை நடந்தாரோ இல்லையோ, காப்பீட்டுக் கம்பெனி போன் செய்துவிட்டது. அவர் தேறிவிட்டார், வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம், அதற்குமேல் இல்லத்துச் செலவைத் தரமாட்டோம் என்றது.

அவர் மனைவி ஆர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் படுக்கை, குளியலறை எல்லாமே மாடியில். இவரைப் படியேற விடக்கூடாது என்கிறார் டாக்டர். டாக்டர் சொல்வதைக் கம்பெனி கேட்பதாயில்லை. முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீட்டில்தான் இருவரும் முதலில் இருந்தார்கள். அதையே தனியார் கம்பெனி மூலம் எடுத்தால் பல்லுக்கும் கண்ணுக்கும் சேர்த்துக் கிடைக்கும் என்று சொல்லி மாற வைத்தவள் நார்பர்ட்டின் தங்கை பெர்னடீன். இப்போது கம்பெனிக்குப் போன் செய்தால் பியானோ வாசிக்கிறது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று நடுநடுவே ஒரு குரல் குழைகிறது.

"முக்கியம்னா எடுத்துத் தொலையேன்!" என்று ஆர்லீன் அந்தப் பியானோவைப் பார்த்துக் கத்தினாள்.

பெர்னடீனுக்கு வேறு கவலை. அவளுடைய கட்சிக்காரரான நாடாளுமன்ற உறுப்பினர் பிரெண்டிஸ் ஹால்டேன் அந்த வாரம் ஊருக்கு வருகிறார். மெடிகேரைச் சீர்திருத்த அவர் ஒரு மசோதா வைத்திருந்தார். ஒவ்வொரு முதியவருக்கும் அரசு ஒரு தொகையைக் கொடுத்துவிடும், அவரவருக்குப் பிடித்த காப்பீட்டுத் திட்டத்தை வாங்கிக்கொள்ளலாம்.

"அண்ணி, கூட்டத்துக்கு வந்து நீங்களே கேளுங்க. அவர் நல்ல மனுஷன்" என்றாள் பெர்னடீன்.

"நல்ல மனுஷன் யாருக்கு வேணும்? போனை எடுக்கிற மனுஷன் கிடைச்சா போதும்" என்றாள் ஆர்லீன். ஆனாலும் போனாள்.

உயர்நிலைப்பள்ளி உள்விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்தது. வாசலில் ஒருத்தி 'மெடிகேரில் கை வைக்காதே' என்ற அட்டையை ஆர்லீன் கையில் திணித்தாள். நாலடி தள்ளி இன்னொருவன் 'என் காப்பீடு, என் விருப்பம்' என்ற அட்டையைத் திணித்தான். இரண்டையும் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் முறை வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரருக்குப் படியேற முடியாது. கம்பெனி வீட்டுக்குப் போங்கறான். டாக்டர் வேண்டாங்கறார். இதுல யார் பேச்சு செல்லும்?" என்றாள்.

"நல்ல கேள்வி கேட்டீங்கம்மா" என்று தொடங்கினார் ஹால்டேன். பற்றாக்குறை, போட்டி, அடுத்த தலைமுறை என்று நெடுநேரம் போய், "என் சட்டம் வந்தா உங்களுக்கு இன்னும் நிறைய திட்டம் கிடைக்கும். பிடிச்சதைத் தேர்ந்தெடுக்கலாம்" என்று முடித்தார்.

"எதைத் தேர்ந்தெடுக்கறது? அவர் படுக்க மாடியா, சமையலறைத் தரையா?"

அரங்கின் பாதி எழுந்து கைதட்டியது. "எல்லாத்தையும் அரசாங்கமே நடத்தணும்!" என்று ஒரு தாடிக்காரர் கத்தினார். ஆர்லீன் அவர் பக்கம் திரும்பினாள்.

"கைதட்டாதீங்க சார்! உங்க ஆளுங்க ஆட்சியில இருந்தப்பவும் இதே கம்பெனிதான், இதே பியானோதான். தட்டறதை நிறுத்திட்டு யாராவது பதில் சொல்லுங்க!"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். அன்று மாலைக்குள் இரு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை ஹால்டேனின் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் போனில் பேசினான். கம்பெனி மறுபரிசீலனை செய்துவிட்டதாம். டாக்டர் போகச் சொல்லும்வரை நார்பர்ட் அங்கேயே இருக்கலாமாம்.

ஆர்லீன் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த கையோடு கோபமும் வந்தது. நேற்று இருந்த அதே இடுப்பு, அதே டாக்டர். ஒரே ராத்திரியில் எது மாறியது?

நார்பர்ட்டுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த லெனர்ட் சாஸ்ட்ரோவுக்கும் அதே கம்பெனிதான், அதே உத்தரவுதான். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி இல்லாதவர். அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

"அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்க தம்பி" என்று அந்த இளைஞனிடம் கேட்டாள் ஆர்லீன்.

"அவரே எங்ககிட்ட கேட்டாதான் முடியும்மா. விதிமுறை."

லெனர்டிடம் சொன்னபோது அவர் கூச்சப்பட்டார். "நான் யார்கிட்டயும் போய் நின்னதில்லைம்மா. விடுங்க." ஒருவழியாக அவரை ஹால்டேன் அலுவலகத்துக்குப் பேச வைத்தபோது வாரம் முடிந்துவிட்டிருந்தது. வண்டி வந்து அவரை வீட்டில் இறக்கிவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆர்லீனும் பெர்னடீனும் உருளைக்கிழங்கு சாலடும் வறுத்த சாசேஜும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுக்கை மாடியில். படியேற முடியாமல், வந்ததிலிருந்து அதில்தான் தூக்கமாம். பெர்னடீன் தன் கோட்டை உதறிவிட்டு, "அண்ணி, மெத்தையைக் கீழ கொண்டு வந்துடலாம்" என்று மாடிக்குப் போனாள்.

மெத்தை படி வளைவில் சிக்கிக்கொண்டது.

"இதுக்குத்தான் சட்டத்தை மாத்தணுங்கறோம். கம்பெனி சரியில்லைன்னா வேற கம்பெனிக்குப் போயிடலாம்" என்று மேலிருந்து தள்ளினாள் பெர்னடீன்.

"உடைஞ்ச இடுப்பைத் தூக்கிட்டுக் கடை கடையா ஏறி இறங்கணுமா? பல்லுக்கும் சேர்த்துத் தர்றான்னு நீதானடி மாத்திவிட்ட!"

"அரசாங்கம் நடத்தினா மட்டும் போனை எடுத்துடுவானா?"

"எடுக்க மாட்டான்! அதான் எனக்கு ரெண்டு பேர் மேலயும் எரியுது. இடது பக்கம் தூக்கு!"

கீழே லெனர்டின் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்து, பொறுமையாகக் கேட்டு, நன்றி சொல்லி வைத்தார்.

"யாரு?" என்று மெத்தைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் ஆர்லீன்.

"கம்பெனி. எனக்கும் அனுமதி கொடுத்துட்டாங்களாம். ஆனா அந்தக் கட்டிலுக்கு வேற ஆள் வந்தாச்சாம். காலியானதும் கூப்பிடறாங்களாம்."

இரண்டு பெண்களும் படியில் அப்படியே உட்கார்ந்தார்கள். மெத்தை அவர்கள்மேல் சாய்ந்து கிடந்தது. பெர்னடீன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஹால்டேன் அலுவலகத்தின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அந்த ஆபீஸ்ல எவன் எடுப்பான்?" என்றாள் ஆர்லீன்.

"எடுக்கறவரைக்கும் அடிக்கறேன்" என்றாள் பெர்னடீன். அவள் குரலில் முதல்தடவையாகக் கோபம் இருந்தது.