இரண்டாவது பதில்

இவள் எழுதிய நிரல் என்றால் அலுவலகத்தில் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள்; அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது காலை பதினொரு மணிக்கு, கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள்.

அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி வரும் பெண்களுக்கு ரகசியமாகத் தங்க இடம் பார்த்துக் கொடுக்கும் அமைப்பு அது. கணினி வேலை முழுக்க இவள் தலையில். ஆறு மாதத்துக்கு முன்பு இவளுடைய அக்காவே அத்தானின் அடி தாங்காமல் அங்கே வந்து சேர்ந்தாள். எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தங்கைக்குக்கூடத் தெரியாது. விலாசங்கள் எல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் இருந்தன. வெளியாள் எவனும் அதைத் தொட முடியாது. உள்ளேயிருந்து யார் கேட்டாலும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் கொட்டிவிடும். நம் வீட்டுக்குள் எதற்குப் பூட்டு என்று அப்படி விட்டவளும் இந்த மகராசிதான்.

உதவி கேட்பவர்கள் படிவத்தில் தங்கள் படத்துக்கு ஓர் இணைப்பு கொடுத்தால், அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரே போய் எடுத்து வரும். கண்ட இடத்துக்கும் போய்விடக் கூடாதே என்று காவல் வைத்திருந்தாள். இணைப்பில் இருக்கும் தளத்தின் பெயருக்கு எந்தக் கணினியின் எண் என்று, இணையத்தின் விலாசப் புத்தகமான டிஎன்எஸ்ஸிடம் முதலில் கேட்கும். வெளி எண் என்றால்தான் கிளம்பும். ஆனால் கிளம்பும்போது அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்கிறது. பெயருக்குச் சொந்தக்காரன் நினைத்தால் முதலில் ஒன்றும் அடுத்து வேறொன்றும் சொல்லலாம். அந்த இரண்டாவது பதிலை இவள் சோதிக்கவே இல்லை. பெரிய கெட்டிக்காரி!

பதிவுகளில் எல்லாம் பட்டவர்த்தனமாக இருந்தது. நேற்று மதியம் ஒரு விண்ணப்பம். முதல் பதில், எங்கோ ஒரு வெளி எண். ஒரு விநாடி கழித்து வந்தது, உள்ளே இருக்கும் கணினியின் எண். படம் என்று நினைத்து சர்வர் எடுத்து நீட்டியது, அக்காவின் பெயரைத் தேடி எடுத்த, அவள் விலாசம் இருந்த ஒரே ஒரு பக்கம்.

அத்தானுக்கு நெட்வொர்க் வேலை. சர்வரை நிறுத்தச் சொல்லிப் பக்கத்து மேசைக்காரரிடம் கத்திவிட்டு அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

அக்கா சாவகாசமாகப் பேசினாள். யாரோ மணி அடித்தார்களாம். கதவு ஓட்டையில் பார்த்தாளாம், பார்சல் கொண்டு வந்த ஒரு பெண்தானாம். சாவியை எடுக்க அடுக்களைக்கு வந்திருக்கிறாளாம். தங்கைதான் அமைப்பு மூலமாக ஏதாவது அனுப்பினாளா என்று கேட்டாள்.

"நான் எதுவும் அனுப்பலக்கா. கதவைத் திறக்காதே. மறுபடி ஓட்டையில பாரு."

"இப்பத்தானேடி பாத்தேன்."

"இன்னொரு தடவை பாரு. உன் கால்ல விழறேன்."

செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் போனது. பிறகு தரையில் சாவி விழுந்தது.

"அவரு நிக்கிறாருடி," என்றாள் அக்கா, மூச்சுக்குள்ளேயே.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை அது இவள் காதிலும் விழுந்தது.