பச்சை மூடி டப்பா

இந்தக் காலத்து மனுஷனுக்கு ஒரு பொருள் இருந்த இடத்திலேயே இருந்தால் பொறுக்காது. நேற்றுவரை கை தானாகப் போய் எடுத்ததை இன்று தேடவிட்டு வேடிக்கை பார்ப்பான். கேட்டால் வசதி என்பான். யாருக்கு வசதி? அதை மட்டும் சொல்லமாட்டான்.

முப்பது வருஷம் லாரி ஓட்டிய டிரைவருக்கு அன்று காலை அந்தப் பெரிய கடைக்குள் வழி தெரியவில்லை. மூன்று வாரமாக அவர்தான் சாமான் வாங்குகிறார். மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு வராது, கெட்டியாக எதுவும் இறங்காது. பச்சை மூடி டப்பாவில் வரும் பார்லி மாவைக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் இறங்கும். மற்றதெல்லாம் இருமலோடு வெளியே வந்துவிடும். டப்பா நேற்றே காலி. மதிய மாத்திரைக்கு முன்னால் அவள் வயிற்றில் ஏதாவது விழுந்தாக வேண்டும்.

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் கடையை லாரி ரூட் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாசலில் இடது கைப் பக்கம், சோப்பு வாடை அடித்ததும் வலது, முழங்கால் உயரத்துத் தட்டு. இன்றும் சோப்பு வாடை அடித்தது. வலதில் திரும்பினால் நாய்த் தீனி!

வாசலுக்கே போய் முதலிலிருந்து வந்து பார்த்தார். தீனிப் பாக்கெட்டில் அச்சடித்திருந்த நாய் மறுபடியும் அவரைப் பார்த்து நாக்கை நீட்டியது.

மஞ்சள் சட்டை போட்ட கடைப் பெண் ஒருத்தி பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க இருந்த மாவெல்லாம் எங்க?"

"எல்லாத்தையும் இடம் மாத்திட்டோம் ஐயா. நாலு பக்கம் சுத்தி வந்தா நாலு பொருள் கண்ணுல படும்ல?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பட்டாப் போதும் தாயே."

சிரித்தபடி அவரைக் கூட்டிப்போய், தலைக்கு மேலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூடி நீலம்.

"இது இல்ல. பச்சை."

"அதேதான் ஐயா. மூடிய மட்டும் மாத்திட்டாங்க. உள்ள அதே சரக்குதான்."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"சத்தியமா ஐயா!"

"சத்தியம் பண்றவங்களத்தான் நான் நிறையப் பாத்திருக்கேனே."

வீட்டுக்குப் போன் போட்டார். ஆமாம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு இருவரும் பேசி வைத்துக்கொண்டது.

"நான்தான். மூடி நீலமா இருக்கு. அதே மாவுதான்னு இந்தப் பொண்ணு அடிச்சுச் சொல்லுது. வாங்கட்டுமா?"

ஒரு தட்டு.

"அவசரப்படாத. இது இறங்கலேன்னா என்னடி பண்ணுவ?"

சத்தமே இல்லை. தட்டிச் சொல்கிற கேள்வியா அது? தப்பு அவருடையதுதான். மூச்சு மட்டும் கேட்டது.

"சரி விடு. பசிக்குதா?"

டொக். இந்தத் தடவை பலமாக.

அதற்கு மேல் என்ன பேச? வாங்கிக்கொண்டார்.

"மறுபடி வாங்க ஐயா," என்றாள் கடைப் பெண்.

"வரேன். அப்பவும் இது இங்கயே இருக்குமா?"

அவள் பாட்டில் அடுக்கப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பழையது மணல் மாதிரிச் சரசரக்கும். இது பொத்பொத் என்றது.

"அதே சரக்காம்," என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார். தெருமுனையில் இன்னொரு தடவை குலுக்கிப் பார்த்தார்.