அக்கா வைத்த புள்ளிகள்

1

இந்தக் கதை ஒரு பென்சில் குறிப்பிலிருந்து வந்தது. உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. மாணவர்களுக்கான இலக்கியக் கலைச்சொல் கையேடு. கரு, முடிச்சு, திருப்பம், உச்சம் என்று நாற்பது சொற்கள். அச்சுக்குப் போகுமுன் பதிப்பகத்தில் அதற்குப் பிழை திருத்தியவள் என் அக்கா. இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள்.

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா... (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: தவறு இருவர்மேலும் இருந்தாலும்... (பொய்.)

சரி, நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். என் போன கதையில், கணவனை விட்டு வந்த ஒருத்தி தங்கை வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். வெளியே சத்தம் கேட்கக் கூடாதல்லவா. அக்கா என் வீட்டில் அப்படித்தான் அழுதாள். பத்திரிகையில் கதையைப் படித்த அன்றே பையை எடுத்துவிட்டாள்.

"ஊரை மாத்திட்டேன், வேலையை மாத்திட்டேன். உன்னை யாருக்கும் தெரியாதுக்கா."

"குழாயை மாத்தினியா?"

"அது வெறும் பாத்திரம்க்கா."

"ஆமா, பாத்திரம்தான். நல்லா தேய்ச்சு, நாலு பேர் பாக்கற இடத்துல கவுத்து வெச்சிருக்கே."

சொல்லிவிட்டுப் பையோடு படியிறங்கினாள்.

3

கையேட்டின் பதினேழாவது சொல் முன்னிலை. 'எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசுவது' என்று விளக்கம் எழுதி, எடுத்துக்காட்டாக "அக்கா, நீ எப்போது வருவாய்?" என்று போட்டிருந்தேன். தற்செயல் என்றால் நம்பவா போகிறீர்கள்? வேண்டுமென்றேதான் போட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வாக்கியத்தின்மேல் ஒரு கோடு. நீக்கு என்று அர்த்தம். ஆனால் கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள். அடித்ததைத் திரும்ப வைத்துக்கொள்ளச் சொல்ல, பிழை திருத்துகிறவர்கள் இடும் அடையாளம் அது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரே சொல்: "இருக்கட்டும்."

[எந்த இருக்கட்டும்? வாக்கியம் இருக்கட்டுமா? நாம் இப்படியே இருக்கட்டுமா? நீட்டியதை வாங்கிக்கொள்ளாமல் "பரவாயில்ல, இருக்கட்டும்" என்போமே, அதுவா?]

அந்தத் தாளை மடிக்கக்கூட மனசு வரவில்லை. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

4

முடிவு ஒன்று: கதவைத் திறந்தால் அக்கா, அதே பையோடு. (ஆசை எழுதியது.)

முடிவு இரண்டு: அவள் கடைசிவரை... (இதை முடிக்கத் தைரியமில்லை.)

அவளை இனி எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். இதோ எழுதிவிட்டேன், குழாய் உட்பட. ஆனால் இந்த முறை பத்திரிகைக்கு அனுப்பவில்லை. இருக்கிற ஒரே பிரதியை அவள் மேசைக்கு அனுப்புகிறேன். அவள் முழுவதையும் அடித்தால் இந்தக் கதை கிடையாது. ஆகவே வாசகரே, இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் புள்ளி வைத்திருக்கிறாள். அதற்குமேல் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும்.

அக்கா, பென்சிலைக் கீழே வைக்குமுன் இதைப் படி. நீ எப்போது வருவாய்?

இது எடுத்துக்காட்டு இல்லை.