வலை விரித்த காளான்

இக்ராவுக்குக் காளான் என்றால் பித்து. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மழை விட்டதும் கம்பெனிச் சுவரோரம் முளைத்திருப்பதைக்கூடக் குனிந்து படமெடுப்பாள். நேரில் பார்க்க அவள் ஏங்கியது ஒரே ஒரு காளானைத்தான்: தலைக்குக் கீழிருந்து வெள்ளை வலையைப் பாவாடைபோல இறக்கிக்கொள்ளும் காளான். வால்பாறைக் காட்டில் மழைக்காலத்தில் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கம்பெனியில் அங்கே டூர் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

காட்டுக்குள் நுழைந்ததுமே யாரோ ஸ்பீக்கரில் குத்துப்பாட்டைப் போட்டார்கள். பலாமரத்தில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு சிங்கவால் குரங்குகள் விருட்டென்று மேலே ஏறி மறைந்தன.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்!" என்று இக்ரா கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

சற்றுத் தூரத்தில் அழுகிய இறைச்சி நாற்றம் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். இக்ரா மட்டும் நாற்றம் வந்த திசையில் போனாள். விழுந்து மக்கிய மரத்துக்குப் பின்னால் நின்றது அவள் தேடிய காளான். வலை பாதி இறங்கியிருந்தது. அவள் ஈரத்தில் அப்படியே மண்டியிட்டாள்.

பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் சாரதாமணி குனிந்து பார்த்தாள். "நம்ம மெஷ் துணியாட்டமே இருக்குது கண்ணு!"

"முழுசா இறங்கட்டுங்கக்கா. அதுவரைக்கும் இருக்கலாம்."

"நானிருக்கலாம். அவங்க இருக்கோணுமே?"

அதற்குள் கட்டிங் பிரிவு நித்தீஷ் ஓடிவந்தான். "வேன் கிளம்புதுங்கக்கா!" சொல்லும்போதே காலில் அட்டை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டான். அலறிக்கொண்டு துள்ளினான். அவன் ஷூ காளான் மேல் இறங்கியது.

வலை சேற்றோடு சேறாகிவிட்டது.

"கண்ணு தெரியலையாடா உனக்கு?" என்று சீறினாள் இக்ரா.

"தெரியாம மிதிச்சுட்டேனுங்கக்கா. வேற இருக்கும், தேடலாங்க."

"எப்படித் தேடறது? வேன் கிளம்புதுன்னு நீதானே சொன்னே!"

வேனில் ஏறியவள் துப்பட்டாவை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு வளைவில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நித்தீஷ் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, சீக்கிரம் வாங்க! இருவாச்சிப் பறவைங்க!"

சமாதானப்படுத்தப் பார்க்கிறான் என்று நினைத்தாள். "நான் வரலை, போ."

மேலே ரயில் போவதுபோல 'புஸ் புஸ்' என்று சிறகுச் சத்தம். பதறி இறங்கி ஓடியபோது மரங்களுக்கு நடுவே மூடுபனி மட்டும்தான் இருந்தது.

"ஜோடியாப் போச்சு கண்ணு. மூக்கு எத்தாப்பெருசுங்கறே! ஏன் இறங்கலே?" என்றாள் சாரதாமணி.

இக்ரா வேனில் ஏறி உட்கார்ந்தாள். இதற்கு நித்தீஷைத் திட்ட முடியாது. அதை நினைக்க இன்னும் எரிச்சலாக இருந்தது. மலையிறங்கும் வரை வேனில் எல்லோரும் கையை விரித்து விரித்து அந்தப் பறவையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் தலையைத் திருப்பவே இல்லை.